அண்ணி கை படாத எஞ்சின்

எங்க அண்ணியைப் பத்தி யாராவது கேட்டா நான் முதல்ல நல்லதாத்தான் ஆரம்பிப்பேன். உழைப்பாளி, கை சுத்தம், வேலையில பொய் கிடையாது. இதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ளேயே எனக்கு வயிறு எரிய ஆரம்பிச்சிடும். அதுக்கு மேல நல்ல வார்த்தை வராது. என்ன பண்றது, என் வயிறு, என் எரிச்சல்.

அண்ணி போரிங் மெஷின்ல நிக்கறவங்க. தேஞ்சு போன எஞ்சின் பிளாக்கை அந்த மெஷினுக்கு அடியில ஏத்தி வச்சு, உள்ள இருக்கற துளைகளை மறுபடி வட்டமா, வழவழன்னு கடைஞ்சு, புது பிஸ்டன் ஏறி இறங்க இடம் பண்ணிக் கொடுக்கறது அவங்க வேலை. பட்டறை எங்க அப்பாவோடது. மெஷினும் அப்பா வாங்கினதுதான். நான் அந்த எண்ணெய் வாசனையிலேயே வளர்ந்தவ. சின்ன வயசுல இருந்து அந்த மெஷினைத் தொட்டுப் பார்க்கணும்னு எனக்கு உசிர். ஆனா கிட்டப் போனாலே அப்பா கத்துவார். "தள்ளி நில்லு பாப்பா! சடை மாட்டிக்கும்!" தள்ளி நின்னு நின்னு, கடைசியில முன்னாடி கண்ணாடிக் கதவு போட்ட ரூம்ல ஃபோன் எடுக்கற வேலைக்கு உட்கார்ந்தேன். தலை நரைச்சாச்சு, கல்யாணமும் அமையல, இன்னும் நான் பாப்பாதான், இன்னும் ஃபோன்தான்.

அண்ணி கல்யாணமாகி வந்த புதுசுல மெஷின் ஓட்டற ஆள் இடுப்பு பிடிச்சுப் படுத்துட்டார். வேலை குவிஞ்சு கிடக்கு. அண்ணி கொண்டையை ஒரு துணியால இறுக்கிக் கட்டிக்கிட்டு, "நான் பார்க்கவா மாமா?"ன்னு போய் நின்னாங்க. அப்பா ஒரு பழைய பிளாக்கைக் கொடுத்துப் பார்த்தார். அடுத்த நாளே ஊர் பூரா, "என் மருமக கை நிக்குது பாரு, ஆடவே மாட்டேங்குது"ன்னு சொல்லிட்டுத் திரியறார். எனக்கு இருந்த சடை மெஷின்ல மாட்டிக்கும். மருமகளுக்கு இருந்த சடை மாட்டாது. அது என்ன சடையோ, நான் கண்டதில்ல.

அண்ணியை அடக்கமான ஆள்னு நினைச்சுடாதீங்க. அட போங்க. வாயைத் திறந்தா சுயபுராணம். "நான் கடைஞ்ச துளையில ஈ உட்கார்ந்தா வழுக்கி விழும்"னு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்வாங்க. வர்றவங்களும் அதை வாயைப் பிளந்துக்கிட்டுக் கேப்பாங்க. அதுல எனக்கு இன்னும் கடுப்பு. அவங்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பிஸ்டனைக் கையில கொடுக்காம பிளாக்கைத் தொட மாட்டாங்க. ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, எந்த பிஸ்டன் எந்தத் துளைக்குன்னு சாக்பீஸால எழுதி, அந்தந்த பிஸ்டனுக்கு ஏத்த இடைவெளி விட்டுத்தான் கடைவாங்க. ஒருத்தர் பிளாக்கை மட்டும் தூக்கிட்டு வந்து, "அளவு சொல்றேன், கடைஞ்சு கொடுங்க"ன்னார். "மாப்பிள்ளையைக் காட்டாம சட்டை தைக்கச் சொல்றீங்களா?"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

இப்ப அண்ணன் கதைக்கு வரேன். அண்ணன் எஞ்சின் கட்டறவன். அண்ணி கடைஞ்சு கொடுத்த பிளாக்குல பிஸ்டன் ஏத்தி, ரிங் போட்டு, மேல மூடியா ஹெட்டை வச்சு முடுக்கி, வால்வு சரி பண்ணி, உயிர் கொடுத்து ஓட வைக்கறது அவன். தங்கமான கை. ஒரு காலத்துல இந்தத் தெருவுல அண்ணன் கட்டின எஞ்சின்னு சொன்னா அதுக்கு மேல பேச்சு கிடையாது. அப்புறம் என்ன ஆச்சோ, எப்ப ஆச்சோ, "அக்கா கை பட்ட எஞ்சின்"னு ஆயிடுச்சு. வர்றவங்க எல்லாருக்கும் அண்ணிதான் அக்கா. வர்றவங்க அண்ணனைத் தாண்டி உள்ள எட்டிப் பார்ப்பாங்க. "அக்கா இல்லையா?" அண்ணன், "உள்ள இருக்கா"ன்னு சொல்வான். சொல்லும்போது மூஞ்சில எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

ஒருநாள் பல் டாக்டர் வந்தார். எங்க பட்டறைக்குப் பழைய ஆள், பழைய கார் பைத்தியம். அவரோட எஞ்சினை அண்ணன் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுக் கட்டியிருந்தான். ஸ்டார்ட் பண்ணிக் காட்டினான். டாக்டர் கண்ணை மூடிக் கேட்டுட்டு, "ஆகா! இது அக்கா கைதானே? கேட்டாலே தெரியுது"ன்னார். அண்ணன் சிரிச்சான். அன்னிக்கு மதியம் அவன் சாப்பிடல. தட்டை அப்படியே தள்ளி வச்சுட்டு எழுந்து போனான். அண்ணி, "என்னங்க, உடம்புக்கு என்ன?"ன்னு கேட்டாங்க. என்னவா? உங்களாலதான்னு எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. எனக்கும் அண்ணனுக்கும் ஒரே வியாதி. மருந்தில்லாத வியாதி.

அண்ணனுக்குன்னு ஒரு கார் இருக்கு. பழைய ஸ்போர்ட்ஸ் கார், ரெண்டே சீட்டு, மேல கூரை கிடையாது. உட்கார்ந்தா கை நீட்டி ரோட்டைத் தொடலாம், அவ்வளவு தாழ்வு. கல்யாணத்துக்கு முன்னாடியே வெறும் கூடா வாங்கிப் போட்டு, வருஷக்கணக்கா ஒவ்வொரு சாமானா சேர்த்துக் கட்டினது. அந்த எஞ்சினோட பிளாக் இப்ப உலகத்துல எங்க தேடினாலும் கிடைக்காது. அந்த பிளாக் போச்சுன்னா கார் போச்சு. கார் போச்சுன்னா அண்ணனும் போன மாதிரிதான். இது எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்.

பழைய கார் வச்சிருக்கறவங்க எல்லாரும் வருஷத்துக்கு ஒருதரம் மலை ரோட்டுல கூடுவாங்க. ஒவ்வொரு காரா ஏத்தத்துல விட்டு நேரம் பார்ப்பாங்க. அண்ணன் கார் எப்பவும் கடைசிக்குப் பக்கத்துல மூச்சு வாங்கிக்கிட்டே வந்து சேரும். பல் டாக்டர் கார் கூட அதைத் தாண்டிப் போகும். டாக்டரோடது அக்கா கை பட்ட எஞ்சின் ஆச்சே!

ஒருநாள் அண்ணன் ஒரு பெட்டியைத் தூக்கிக்கிட்டு என் ரூமுக்கு வந்தான். கதவைச் சாத்தினான். உள்ள நாலு பிஸ்டன், புத்தம் புதுசு. தலை தட்டையா இல்ல, நடுவுல மேடு தட்டியிருந்துச்சு.

"இது எதுக்கு இப்படிப் புடைச்சுக்கிட்டு இருக்கு?"ன்னேன்.

"அதான் விஷயமே. பிஸ்டன் மேல போய் நிக்கும்போது அதுக்கு மேல கொஞ்சம் இடம் மிஞ்சும்ல? தலை மேடா இருந்தா அந்த இடம் குறையும். பெட்ரோல் கலந்த காத்து இன்னும் நெரிபடும். நெரிச்சுப் பத்த வச்சா உதை பலமா விழும். அதே எஞ்சின், அதே கார், ஆனா ஏத்தத்துல பறக்கும் பாப்பா. அதுவும் இது ஃபோர்ஜ்டு. சாதா பிஸ்டன் மாதிரி உருக்கி ஊத்தினது இல்ல, அடிச்சு இறுக்கிச் செஞ்சது. எவ்வளவு அடி வாங்கினாலும் உடையாது."

"அண்ணிகிட்ட காட்டினியா?"

அவன் மூஞ்சி மாறிடுச்சு. "அவகிட்ட மூச்சு விடாதே. இந்த எஞ்சின்ல அவ கை படக்கூடாது. மலையில யாராவது வந்து 'அக்கா கை பட்டதா'ன்னு கேப்பான்ல? 'இல்ல, நான் மட்டும்தான்'னு நான் சொல்லணும். ஒரே ஒரு தடவை சொல்லணும் எனக்கு. அவ்வளவுதான்."

எனக்கு அவன்மேல பாவமா இருந்துச்சு, உள்ளுக்குள்ள குஷியாவும் இருந்துச்சு. பிஸ்டனை என் அலமாரியில, துணிக்கு அடியில ஒளிச்சு வச்சேன். ஒரு எஞ்சின் சாமான் என் பொறுப்புல இருக்கறது என் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. ராஜரகசியம் கிடைச்ச மாதிரி தலை நிமிர்ந்து நடந்தேன்.

அண்ணி அவங்க அம்மா வீட்டுக்குப் போன சமயம் பார்த்து, அண்ணன் எஞ்சினை இறக்கினான். ஆனா பிளாக்கைக் கடையணுமே? சொந்தப் பட்டறையில மெஷின் சும்மா நிக்குது. இவன் பிளாக்கைத் தூக்கிட்டுத் தெருக்கோடியில இருக்கற எதிரிப் பட்டறைக்குப் போறான்! அந்தப் பட்டறைக்காரர் நெட்டையா, குச்சியா இருப்பார். ஒட்டடைக்குச்சின்னுதான் நாங்க சொல்வோம். வேலையில குறை சொல்ல முடியாத மனுஷன். நானும் கூடப் போயிருந்தேன். அவர் பிளாக்கைத் திருப்பிப் பார்த்துட்டு, "பிஸ்டன் எங்க?"ன்னு கேட்டார்.

பிஸ்டன் என் அலமாரியில இருக்கு. அதை அவர்கிட்ட காட்டினா, மத்தியானத்துக்குள்ள தெரு பூராத் தெரிஞ்சிடும், சாயங்காலம் அண்ணி காதுக்குப் போயிடும். அதனால அண்ணன் பிஸ்டனோட விட்டத்தை மட்டும் சொல்லிட்டு, "வழக்கமா எவ்வளவு இடைவெளி விடுவீங்களோ, அவ்வளவு விடுங்க, போதும்"னான். ஒட்டடைக்குச்சி ஒரு மாதிரி பார்த்தார். பிஸ்டன் இல்லாம பிளாக் வந்தா யாரா இருந்தாலும் அப்படித்தான் பார்ப்பாங்க. ஆனா எங்க வீட்டு பிளாக் தன்கிட்ட வந்த சந்தோஷத்துல மேல எதுவும் கேட்கல.

பிளாக் திரும்பி வந்துச்சு. அண்ணன் ஷெட் கதவைச் சாத்திட்டுக் கட்ட ஆரம்பிச்சான். நான்தான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். அவன் வேலை செய்யறதைப் பார்க்கணும்! பிஸ்டன் தலை மேடா இருக்கறதால மேல வால்வுல போய் இடிச்சிடுமோன்னு ஒரு பயம் உண்டு. அதுக்கு, பிள்ளைங்க விளையாடற களிமண்ணை பிஸ்டன் தலையில அப்பி, எண்ணெய் தடவி, ஹெட்டை வச்சு முடுக்கி, எஞ்சினைக் கையாலேயே மெதுவா சுத்தினான். மறுபடி கழட்டி, நசுங்கின களிமண்ணை பிளேடால அறுத்து, எங்க ரொம்ப மெலிசா இருக்குன்னு அளந்தான். ஒரு தடவை இல்ல, நாலு பிஸ்டனுக்கும். "இடிக்காது பாப்பா"ன்னு அவன் சொன்னப்ப குழந்தை மாதிரி சிரிச்சான். மத்த எல்லாத்தையும் அவ்வளவு பார்த்தான். பார்க்க வேண்டிய ஒண்ணை மட்டும் பார்க்கல. அதைப் பார்க்கற ஆள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாங்க.

அண்ணி திரும்பி வந்த மறுநாள் காலையில அண்ணன் காரை வாசலுக்குத் தள்ளிட்டு வந்தான். வேணும்னே பல் டாக்டரை வரச் சொல்லியிருந்தான். ஒட்டடைக்குச்சியும் தானா வந்து நின்னார். குளிர்ந்து கிடந்த எஞ்சின். சாவியைத் திருப்பினான். அடேயப்பா! ஒரு உறுமல், அப்புறம் வழவழன்னு ஒரே சீரா ஓடுது. தையல் மெஷின் தோத்துச்சு. டாக்டர், "என்னய்யா இது, சத்தமே இல்லையே! இது அக்கா..."ன்னு ஆரம்பிச்சார்.

"இல்ல டாக்டர். நான் மட்டும்தான்"னான் அண்ணன்.

சொல்லிட்டான்! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அப்பத்தான் அண்ணி ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டே வெளியில வந்தாங்க. மூஞ்சி வாடியிருக்கும்னு நான் ஆசையாப் பார்த்தேன். வாடல. தலையைச் சாய்ச்சு எஞ்சினைக் கேட்டுக்கிட்டு நின்னாங்க.

"என்ன பிஸ்டன் போட்டீங்க?"

"எதுக்குக் கேக்கற? ஃபோர்ஜ்டு. இருக்கறதுலயே ஒசத்தி."

"அப்ப ஏன் சத்தம் போடல?"

எல்லாரும் சிரிச்சாங்க. ஒட்டடைக்குச்சி மட்டும் சிரிக்கல, அவர் பிளாக்கைப் பார்த்தார். அண்ணி விடல. "சாதா பிஸ்டனை விட ஃபோர்ஜ்டு சூட்டுல நிறைய உப்பிக்கும்ங்க. அதனால இடைவெளி அதிகமா விட்டுத்தான் கடையணும். அப்படி விட்டிருந்தா, காலையில குளிர்ந்து கிடக்கும்போது பிஸ்டன் உள்ள ஆடும், கடகடன்னு சத்தம் போடும். சூடேறினதும்தான் அடங்கும். இது குளிர்லயே அடங்கிக் கிடக்கு. இடம் பத்தல. கழட்டுங்க, நான் ஒரு முடியளவு தேய்ச்சுத் தரேன்."

அண்ணன் எஞ்சினை அணைச்சான். "என் எஞ்சின் நல்லா ஓடறது உனக்குக் குத்தமாப் படுதா? உன் கை படாம ஒண்ணு ஓடுதேன்னு பொறாமை. வேற என்ன?"

டாக்டர் வானத்தைப் பார்த்தார். அண்ணி ஏதாவது திருப்பிக் கொடுப்பாங்கன்னு பார்த்தேன். அந்தப் பெரிய வாய் மூடிக்கிச்சு. உள்ள போயிட்டாங்க. நல்லா வேணும்னு நினைச்சேன். அன்னிக்கு எனக்கு ரெண்டு வாய் சோறு கூடவே இறங்குச்சு.

அந்த வாரம் பூரா அண்ணன் காரைத் தெருவுல மெதுவா ஓட்டிப் பழக்கினான். ஒண்ணும் ஆகல. ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும், அண்ணி காதுல விழற மாதிரி, "எங்கேயாவது சிக்குச்சா? சிக்கலையே!"ன்னு சத்தமாச் சொல்வான். அண்ணி மெஷினை நிறுத்த மாட்டாங்க. ஆனா அவங்க சாப்பாடு குறைஞ்சிருந்ததை நான் பார்த்தேன். பொறாமையில சாப்பாடு குறையறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இது அது இல்ல. இது பயம். அது தெரிஞ்சும் நான் எதுவும் பேசல.

மலைக்குப் போன அன்னிக்குக் காலையில பக்கத்து சீட்டு யாருக்குன்னு ஒரு பேச்சு வந்துச்சு. அண்ணி, "நான் வரேங்க"ன்னாங்க. அண்ணன் கேட்காத மாதிரி, "பாப்பா, நீ ஏறு"ன்னான். நான் ஏறிட்டேன். அண்ணி டாக்டர் காருல பின்னாடி வந்தாங்க. மலையடியில வரிசையில நிக்கும்போது அண்ணன் யார்கிட்டயோ பேச இறங்கினான். அண்ணி என் பக்கமா வந்து குனிஞ்சாங்க. கை நடுங்குது அவங்களுக்கு. ஆடாத கைன்னு பேர் வாங்கின கை.

"பாப்பா, கேளு. ஏத்தத்துல முழுசா மிதிப்பார். அப்ப நல்லா சூடேறும். வண்டியை யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கும். அந்த நொடி கிளட்சை மிதிக்கச் சொல்லு, நீ சாவியை அணைச்சிடு. விட்டா பிஸ்டன் துளையில இறுகி எஞ்சின் அப்படியே சீஸ் ஆயிடும். சக்கரம் நின்னுடும், பிளாக் கிழிஞ்சுடும். உங்க ரெண்டு பேருக்கும் என்ன ஆகுமோ..." அண்ணன் வர்றானான்னு திரும்பிப் பார்த்தாங்க. "நான் சொன்னேன்னு சொல்லாதே. சொன்னா மிதிக்க மாட்டார். நீயே சொல்ற மாதிரி சொல்லு. என் பேரையே எடுக்காதே."

ஈ வழுக்கி விழுந்ததுக்குக் கூடத் தன் பேரைச் சொல்லிக்கற மனுஷி, என் பேரை எடுக்காதேங்கறாங்க. எனக்கு என்ன தோணணும்? மனசு இளகணும். எனக்கு எரிஞ்சுதான் வந்துச்சு. இதுலயும் நல்ல பேர் வாங்கப் பார்க்கறீங்களான்னு நினைச்சுக்கிட்டே, "சரி சரி, பார்க்கலாம்"னேன். அதுக்குள்ள அண்ணன் வந்துட்டான்.

கொடியை ஆட்டினாங்க. கார் கிளம்பின வேகத்துல என் முதுகு சீட்டுல ஒட்டிக்கிச்சு. ஐயோ, என்ன இழுவை! நான் இத்தனை வருஷமா உட்கார்ந்த கார்தானா இதுன்னு இருந்துச்சு. முதல் வளைவு, ரெண்டாவது வளைவு, கார் ஏத்தம்னே தெரியாம ஏறுது. காத்து மூஞ்சில அறையுது. அண்ணன் வாய்விட்டுச் சிரிக்கறான். நானும் கத்தறேன். ரோட்டோரம் நின்னவங்க கை தட்டறாங்க. அண்ணி சொன்னது எல்லாம் காத்துல போச்சு. பொய் சொல்லியிருக்காங்க, பொறாமையில சொல்லியிருக்காங்கன்னு அவ்வளவு சந்தோஷமா நம்பினேன்.

செங்குத்தா ஒரு ஏத்தம். அண்ணன் அழுத்தி மிதிச்சான். எஞ்சின் சத்தம் கொஞ்சம் தடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் யாரோ பின்னாடி பிடிச்சாங்க. அவ்வளவு லேசா, முந்தானையைப் பிடிச்சு இழுக்கற மாதிரி. அண்ணன் இன்னும் அழுத்தினான். கீச்சுன்னு ஒரு சன்னமான சத்தம் உள்ள இருந்து.

"அண்ணே, கிளட்சை மிதி!"

திரும்பினான். "அவ சொன்னாளா?"

"நான் சொல்றேன்! மிதி!"

ஒரு நொடி. அந்த ஒரு நொடி அவன் என் கண்ணைப் பார்த்தான். அப்புறம் மிதிச்சான். நான் சாவியை அணைச்சேன். சத்தம் பூரா நின்னு போய், கார் கொஞ்ச தூரம் தானா ஏறி, ஓரமா ஒதுங்கி நின்னுச்சு. அண்ணன் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுட்டு ஸ்டியரிங்கைப் பிடிச்ச கையை எடுக்கவே இல்ல. சூடான இரும்பு டிக் டிக்குனு ஆறுது. நல்லா ஆறினதும் இறங்கிப் போய், கியரைப் போட்டு, காரை முன்னும் பின்னும் அசைச்சுப் பார்த்தான். எஞ்சின் சுத்துச்சு. இறுகல. அண்ணன் பானெட் மேல தலையைக் கவுத்துக்கிட்டான். தோள் குலுங்குச்சு.

பின்னாடியே எல்லாரும் வந்துட்டாங்க. "என்ன ஆச்சு?"ன்னார் டாக்டர். அண்ணன் மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, "பாப்பாதான் கண்டுபிடிச்சா. அவ சொல்லலேன்னா எஞ்சின் போயிருக்கும், நாங்களும் உருண்டிருப்போம். என்ன காது!"ன்னான். எல்லாரும் என்னையே பார்த்தாங்க. வேடிக்கை பார்க்க மலைக்கு வந்திருந்த ஒட்டடைக்குச்சி, "அப்பாவோட காதுல்ல! ஃபோன் எடுக்கற பொண்ணுன்னு நினைச்சிட்டு இருந்தேனே"ன்னார். என் வாழ்க்கையில அப்படி ஒரு பார்வை என்மேல விழுந்ததே இல்ல. கால் தரையில பாவல எனக்கு. அண்ணி கூட்டத்துக்குப் பின்னாடி நின்னாங்க. அண்ணன் முழுசா நிக்கறானான்னு தலையில இருந்து கால் வரைக்கும் பார்த்தாங்க. "ஆமா, பாப்பாவுக்கு நல்ல காது"ன்னாங்க. அதோட சரி. எனக்குக் கிடைச்ச சந்தோஷத்துல அந்த ஒரு வார்த்தை வந்து விழுந்துச்சு பாருங்க. விழுங்கவும் முடியல, துப்பவும் முடியல.

வீட்டுக்கு வந்து அண்ணன் எஞ்சினைக் கழட்டினான். பிஸ்டன் பக்கவாட்டுல பளபளன்னு உரசல். துளையில லேசாத்தான் கீறல், தேய்ச்சுச் சரி பண்ணிடலாம். நான் பக்கத்துல நின்னு துணி கொடுத்துக்கிட்டு இருந்தேன். அண்ணி பட்டறைக்குள்ள வேற ஏதோ பிளாக்குல இருந்தாங்க. இந்தப் பக்கம் எட்டியே பார்க்கல.

"பாப்பா, நீ மெஷின்ல நில்லு. நான் பழக்கித் தரேன். இந்த பிளாக்கை நீயே தேய்ச்சுக் கொடு"ன்னான் அண்ணன்.

எத்தனை வருஷமா எந்த வார்த்தைக்குக் காத்திருந்தேனோ, அந்த வார்த்தை. வாயெல்லாம் பல்லா நின்னிருக்கணும் நான். எனக்குக் கோவம்தான் வந்துச்சு. கிடைக்காம இருந்தப்பவும் அண்ணியால கிடைக்கல. இப்ப கிடைக்கறதும் அண்ணி போட்ட பிச்சையா? என்ன பொழைப்பு இது!

"எனக்கு ஒண்ணும் வேணாம்"னு கத்தினேன். "என் காதும் இல்ல, என் வார்த்தையும் இல்ல. எல்லாம் அண்ணி சொல்லிக் கொடுத்தது. வரிசையில நிக்கும்போது வந்து சொன்னாங்க. அவங்க பேரை எடுக்கக் கூடாதுன்னாங்க. போதுமா?"

அண்ணன் நிமிரல. பிஸ்டனைத் துடைச்சுக்கிட்டே இருந்தான்.

"தெரியும்"னான்.

"தெரியுமா? எப்பத் தெரியும்?"

"அங்கேயே தெரியும். நீ சொன்னதா இருந்தா நான் மிதிச்சிருப்பேனா, பாப்பா?"

அவன் என்னைக் குத்தணும்னு சொல்லல. சாதாரணமாச் சொன்னான், மழை வருதுன்னு சொல்ற மாதிரி. அப்புறம் பிஸ்டனைக் கீழ வச்சுட்டு, "அவகிட்டப் போய் நிக்கறதுக்குப் பதிலா உன்னைப் பழக்கிடலாமேன்னு பார்த்தேன்"னான்.

எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. கோவம் அவன்மேல இல்ல, அண்ணிமேல. அவங்களைப் பார்த்தாலே எரியற ஒருத்தன், உயிர் போற நொடியில, இன்னொருத்தி வாயில இருந்து வந்தும் அது அவங்க வார்த்தைன்னு கண்டுபிடிச்சு மிதிக்கறான். கால் தானா மிதிக்குது. என்னை அப்படி நம்பி ஒருத்தராவது ஒரு காலை அசைச்சிருப்பாங்களா? மெஷினுக்காக நான் பட்ட பொறாமை எல்லாம் ஒண்ணுமே இல்லேன்னு ஆயிடுச்சு அந்த நிமிஷத்துல.

அண்ணன் எழுந்து பிளாக்குக்கு ஒரு பக்கம் கையைக் கொடுத்தான். "கனமா இருக்கு, அந்தப் பக்கம் பிடி"ன்னான். நான் மூக்கை உறிஞ்சிக்கிட்டுப் பிடிச்சேன். ரெண்டு பேருமாத் தூக்கிட்டுப் போய் அண்ணி முன்னாடி வச்சோம்.